நோயாளர் பிரதிநிதியின் சொந்த நலன்

மேஸ்திரி மருந்து கேட்டு எழுதினார். அவர்கள் பதவி கொடுத்தார்கள்.

இதில் மேஸ்திரியின் தப்பு ஒன்றும் கிடையாது. முப்பத்தோரு வருஷம் தரைக்கு மெருகு போட்டவர் அவர். ஊரில் பாதி ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அவர் மிஷின் ஓடிய தரையில்தான் நடக்கின்றன. கல் தேயும்போது பறந்த தூசியில் பாதி காற்றோடு போனது, மீதி அவர் நெஞ்சுக்குள் போனது. ஐம்பத்தெட்டாவது வயதில் ஒருநாள் குனிந்து செருப்பு வாரை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். மூச்சு உடனே திரும்பி வரவில்லை. கடைக்குப் போன பிள்ளை போல வழியில் எங்கேயோ நின்றுவிட்டு, ஆடி அசைந்து வந்து சேர்ந்தது.

நெஞ்சு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"நுரையீரல்னா பஞ்சு மாதிரி இருக்கணும். உங்களுக்கு முத்தின வெண்டைக்காய் மாதிரி நார் பாய்ஞ்சிருக்கு. எல்லாம் தழும்பு. மூச்சு அளவு நூத்துக்கு ஐம்பத்தெட்டுதான் இருக்கு."

"கரைக்க மருந்து இருக்குங்களா?"

"பரவுற வேகத்தைக் குறைக்க மாத்திரை இருக்கு, எழுதித் தரேன். இருக்கிற தழும்பைக் கரைக்க இன்னும் எதுவும் வரல. மேம்பாலத்துக்குப் பின்னால ஆய்வு நிறுவனம் இருக்கில்ல, அங்க புதுசா ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்காங்கன்னு கேள்வி. கொடுத்துப் பார்க்க ஆள் எடுப்பாங்க. எழுதிப் போடுங்க."

எழுதியது மேஸ்திரியின் மைத்துனன், மனைவிக்குத் தம்பி. அவனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வேலை என்று சொல்லிக்கொள்ள அவனிடம் இருந்ததும் அது ஒன்றுதான். மூன்று வாரத்தில் கனமான உறையில் பதில் வந்தது. மேஸ்திரி ஒருதரம் படித்தார், மைத்துனன் ஒருதரம் உரக்கப் படித்தான். தழும்பு நோய்களுக்கான மருந்து ஆய்வு நிறுவனத்தின் உயர்மட்ட வழிகாட்டுக் குழுவில் நோயாளர் பிரதிநிதியாகத் தங்களை நியமிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம் என்றிருந்தது.

"எல்லாம் சரி, மாத்திரை எங்க?" என்று மனைவி உறையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள்.

"அக்கா, இது அதைவிடப் பெரிசு. மாமா உள்ள போயிட்டா மருந்து தானா வரும்" என்றான் மைத்துனன்.

உள்ளே இருப்பவனுக்குத்தானே பந்தியில் முதல் இடம் என்று மேஸ்திரியும் நினைத்தார். நினைத்ததில் தப்பில்லை. உலகத்தில் மற்ற இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

முதல் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். முன்கூடத்தில் கால் வைத்ததுமே நின்றுவிட்டார். மூச்சு வாங்கி அல்ல. தரையில் வாட்டம் தப்பு, ஒரு மூலை அரை அங்குலம் தூக்கலாக இருந்தது. யாரோ அவசரத்தில் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பார்த்தபடியே லிஃப்ட் பக்கம் போனவரைக் காவலாளி மறித்தான்.

"லிஃப்ட் கருவிகளுக்கு மட்டும் சார். நீங்க கருவியா?"

"இல்லப்பா. நோயாளி."

"அப்ப படியில போங்க. நாலாவது மாடி."

இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஐந்து இடத்தில் உட்கார்ந்தார். அவர் நாலாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீள மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர் இருந்தார்கள். கோப்புக் கட்டைக் குழந்தை மாதிரி மடியில் கிடத்திக்கொண்டிருந்தவர் செயலர். நோயாளர் பிரதிநிதி தாமதமாக வந்ததைக் குழு வருத்தத்துடன் குறித்துக்கொண்டது என்று அவர் எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்.

இயக்குநர் எழுந்து வரவேற்றார். நல்ல குரல், குறை சொல்ல முடியாது.

"நண்பர்களே, முப்பது வருஷமா இந்த நிறுவனம் தழும்போட போராடிக்கிட்டு வருது. தழும்பு நம்மை ஜெயிக்கல. நாமளும் தழும்பை ஜெயிக்கல. முப்பது வருஷம் இந்தச் சமநிலையைக் கட்டிக் காப்பாத்துறது லேசான காரியம் இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலில் எழுந்த தூசியோ என்னவோ, மேஸ்திரிக்கு இருமல் வந்தது. வந்தால் லேசில் நிற்காத இருமல். மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்து அவர் நிமிர்ந்தபோது செயலர் எழுதிக்கொண்டிருந்தார்: "இயக்குநர் உரை குறித்து நோயாளர் பிரதிநிதி தம் கருத்தை உணர்ச்சியுடன் வெளியிட்டார். குழு ஏற்றுக்கொண்டது."

"ஐயா, அந்தப் புது மருந்து எப்ப வரும்?" என்று மேஸ்திரி மெதுவாகக் கேட்டார்.

சாவு வீட்டில் யாரோ விசிலடித்துவிட்ட மாதிரி எல்லோரும் தங்கள் தங்கள் காகிதத்தைப் பார்த்தார்கள்.

"அது பதினாலாவது அயிட்டம்" என்றார் செயலர். "இப்ப ஓடுறது ரெண்டாவது. போன கூட்டக் குறிப்புல திருத்தம்."

அன்றைக்கு நாலாவது அயிட்டம் வரை போனார்கள். நாலாவது, நிறுவனத்தின் சின்னத்தில் இருக்கும் நுரையீரல் சோர்வாகத் தெரிகிறதா என்பது. பிறகு பிஸ்கட்டும் டீயும் வந்து கூட்டம் முடிந்தது.

இறங்கும்போது இரண்டாம் மாடியில் கால் மடங்கியது. அங்கே ஒரு கதவுக்கு வெளியே முக்காலி கிடந்தது, உட்கார்ந்தார். கதவைத் திறந்துகொண்டு வெள்ளைக் கோட்டோடு ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைக்கு வலைத்தொப்பி, கண்ணுக்குக் கீழே கருவளையம். மேஸ்திரியைப் பார்த்தார், அவர் மூச்சை ஒரு நிமிஷம் கேட்டார்.

"நீங்கதான் புதுப் பிரதிநிதியா? உள்ள வந்து உட்காருங்க, இது ஆடும்."

உள்ளே ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது, ஒரு தட்டு தானாக ஆடிக்கொண்டிருந்தது. நாலாம் மாடியில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது: யாரோ வேலை செய்த அடையாளம். அந்த அம்மாவின் வலது கட்டைவிரலில் காய்ப்பைப் பார்த்தார் மேஸ்திரி. மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிற குழாயை நாள் பூராவும் அமுக்கி அமுக்கி வந்த காய்ப்பு. அவர் கையிலும் முப்பத்தோரு வருஷக் காய்ப்பு உண்டு. அதனால் தைரியமாகக் கேட்டார்.

"அந்த மருந்தைச் செய்றது நீங்களாம்மா?"

"நான்தான். எண் நானூத்திப் பதினேழு."

"மத்த நானூத்திப் பதினாறு?"

"தோத்துப் போச்சு. ஒவ்வொண்ணா" என்றார் அந்த அம்மா, தவறிப்போன சொந்தக்காரர்களைச் சொல்வது போல.

கருவியில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். நீளநீளமாக, ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்த மாதிரி என்னவோ தெரிந்தன.

"இவங்க ஒரு வகை செல்லுங்க, பேரு நீளம், விடுங்க. உங்க பாஷையில சொன்னா கொத்தனாருங்க. உடம்புல எங்க காயம் பட்டாலும் ஓடி வந்து பூசுவாங்க. பூசி முடிச்சதும் கலைஞ்சு போயிடணும். இந்த நோயில போக மாட்டேங்கறாங்க. காயமே இல்லாத இடத்துலயும் பூசிக்கிட்டே இருக்காங்க. நுரையீரல் இறுகிப் போகுது."

"மேல நாலாவது மாடியிலயும் அப்படித்தான் உட்கார்ந்திருக்காங்க" என்றார் மேஸ்திரி.

அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்குத் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

"இந்த மருந்து போய், வேலை முடிஞ்சுது கிளம்புங்கன்னு அவங்ககிட்டச் சொல்லுது. தட்டுல வளர்த்தவங்க கேக்கறாங்க. எலிக்குள்ள கேட்டாங்க. ஆபரேஷன்ல எடுத்த நிஜ நுரையீரல் துண்டுலயும் பாதிக்குப் பாதி கேக்கறாங்க. மனுஷன் உடம்புக்குள்ள கேப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. இது மாதிரி மருந்து பத்துல ஒன்பது கடைசியில கைவிட்டுரும்."

"சந்தோஷம்மா" என்றார் மேஸ்திரி.

"எதுக்கு?"

"இந்தக் கட்டடத்துல தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

ஏழு வருஷ வேலை அது. ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று குழு ஒரு வரி எழுதித் தர வேண்டும். பதினோரு கூட்டமாகப் பதினாலாவது அயிட்டமாகவே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கட்டாயம் வரும் என்று ஒவ்வொரு தடவையும் செயலர் சொல்வாராம். ஊதுற சங்கை ஊதிக்கொண்டிருப்போம் என்று அந்த அம்மாவும் காகிதம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பதினாலாவது அயிட்டம் வரவில்லை. வந்தது பயிற்சி. நோயாளர் பிரதிநிதிகள் நோயாளிகளின் வேதனையை உள்ளூர உணர வேண்டும் என்று மேலிடத்து விதி. பயிற்சியாளர் ஓடியாடிப் பேசுகிற மனிதர், ஒரு தும்மல்கூட வராத உடம்பு. ஆளுக்கு ஒரு உறிஞ்சுகுழலைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சுவிட்டு அறையைச் சுற்றி நடக்கச் சொன்னார்.

"ஐயா, எனக்குக் குழல் இல்லாமலே அப்படித்தான் இருக்கு" என்றார் மேஸ்திரி.

"குழல் இல்லாம செஞ்சா சான்றிதழ் கிடையாது."

மேஸ்திரி குழலைக் கவ்விக்கொண்டு எட்டு எட்டு வைத்தார். உதடு நீலம் பாரித்தது, கண் செருகியது, சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்தார்.

"பாருங்க, எல்லாரும் இவரைப் பாருங்க!" என்றார் பயிற்சியாளர், கண் கலங்க. "எவ்வளவு தத்ரூபம்!"

அதற்கடுத்த மாதம் விழிப்புணர்வு வாரம். மூச்சுக்கான ஓட்டம், இரண்டு கிலோமீட்டர். முன்வரிசையில் மேஸ்திரியை நிறுத்தினார்கள். முதல் விளக்குக் கம்பம் வரை நடந்து அதைக் கட்டிக்கொண்டு நின்றவரிடம் செயலர் வந்து வருத்தப்பட்டார். "முதல் பரிசை உங்களுக்குன்னே எடுத்து வச்சிருந்தோம். நீங்க ஓடி முடிச்சிருக்கலாம்."

அதற்கடுத்த கூட்டத்தில், தழும்பு என்ற சொல் நோயாளிகளின் மனத்தைப் புண்படுத்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். இரண்டரை மணி நேரம் பேசி, இனி எல்லா அறிக்கைகளிலும் "கூடுதல் உறுதி பெற்ற திசு" என்றே எழுதுவதென்று தீர்மானம் போட்டார்கள். அந்த வாரம் நெஞ்சு டாக்டர் அளந்தபோது மேஸ்திரியின் மூச்சு ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது.

"என்ன சொன்னார் டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"கூடுதல் உறுதி கூடிப்போச்சாம்."

ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை அவள் அவர் முன்னால் வைத்தபோது சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

மேஸ்திரி கோபக்காரர் அல்ல. கோபப்பட மூச்சு வேண்டும். ஆனால் தொழிலில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு: சாந்து காயாத தரையில் எவன் கெஞ்சினாலும் மிஷினை இறக்க மாட்டார். அடுத்த கூட்டத்தில் குறிப்பேடு கையெழுத்துக்காகச் சுற்றி வந்தபோது அவர் பேனாவைத் தொடவில்லை. நோயாளர் பிரதிநிதி கையெழுத்துப் போடாத குறிப்பு செல்லாது என்பதும் மேலிடத்து விதி. அதைவிட முக்கியம், கையெழுத்தாகாமல் டீ வராது என்பது அந்த அறையின் மரபு.

"பதினாலாவதை முதல்ல எடுங்க. அப்புறம் போடறேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்கே" என்றார் செயலர்.

"இருக்கட்டுங்க. நான் காத்திருக்கேன். எனக்கு எழுந்து போறதுதான் கஷ்டம், உட்கார்றது கஷ்டமில்ல."

கடிகாரம் நாலரையைத் தாண்டியது. வெளியே டீ ஆறுகிற சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. கடைசியில் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் மனசு விட்டுப் பேசறேன். மருந்தை ஆளுங்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறதுல ஒரு ஆபத்து இருக்கு. பலிக்கலைன்னா தெரிஞ்சுபோயிடும். இதுவரைக்கும் இந்த நிறுவனத்துல ஒரு மருந்துகூடத் தோத்ததில்ல. ஏன்னா எதையும் நாம கொடுத்துப் பார்த்ததில்ல. அந்தப் பெருமையை இழக்கிறதுக்கு நீங்க தயாரா?"

எல்லோரும் தயார் என்றார்கள். பாதிப் பேர் அப்போதே நாற்காலியைப் பின்னால் தள்ளியாகிவிட்டது. அறுபது பேருக்கு எண் நானூற்றுப் பதினேழைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தீர்மானமானது. மூச்சு அளவு ஐம்பதுக்குக் குறையாதவர்கள் மட்டும் சேரலாம். ஒருவர் ஒருவராகக் குழுவின் முத்திரை பெற்றுச் சேர்க்க வேண்டும்.

மேஸ்திரி இரண்டாம் மாடியில் நின்று சொன்னபோது அந்த அம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது ஆடியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாளே மேஸ்திரி விண்ணப்பம் போட்டார். மைத்துனன்தான் எழுதினான். நாலே நாளில் பதில் வந்தது. அந்த நிறுவனம் அவ்வளவு வேகமாக எதையும் செய்ததாக வரலாறு இல்லை. மருந்து பலித்தால் தங்களுக்கு மூச்சு சீராகும் வாய்ப்பு உள்ளதால், இதில் தங்களுக்குச் சொந்த நலன் இருப்பது தெளிவாகிறது, எனவே குழு உறுப்பினர் என்ற முறையில் தாங்கள் இதில் சேரத் தகுதியற்றவர் ஆகிறீர்கள்.

மேஸ்திரி கடிதத்தோடு நாலு மாடி ஏறினார். செயலர் அன்பாகத்தான் பேசினார்.

"சொந்த நலன்னு வருதே. நாங்க என்ன செய்ய?"

"மருந்து சாப்பிடறவனுக்குச் சொந்த நலன் இல்லாம எப்படிங்க இருக்கும்?"

"அது மருத்துவக் கேள்வி. நான் நிர்வாகம்."

"அப்ப மத்த அறுபது பேருக்கும் அதே நலன்தானே?"

"அவங்க குழுவுல இல்லையே. உங்களுக்கு உள்விஷயம் தெரியும்."

"எனக்கு என்னங்க தெரியும்? இது பலிக்குமான்னு அந்தம்மாவுக்கே தெரியாதுங்கறாங்க."

"பார்த்தீங்களா" என்று செயலர் பேனாவை மூடினார். "வெளியில இருக்கிறவங்களுக்கு அது தெரியாதுங்கிறதுகூடத் தெரியாது. இது உள்விஷயம் இல்லாம வேற என்ன?"

அப்படியானால் விலகிக்கொள்கிறேன் என்றார் மேஸ்திரி. தாராளமாக விலகலாம், விலகிய நாளிலிருந்து ஆறு மாதம் ஆற வேண்டும் என்றார் செயலர். அதுவரை சொந்த நலன் சூடாக இருக்குமாம். இன்னொன்று, பிரதிநிதி இல்லாத குழு குழுவே அல்ல. அது முத்திரை போட்டால் செல்லாது.

இதன் அர்த்தத்தை இரண்டாம் மாடி அம்மாதான் சொன்னார். சொல்ல விருப்பமில்லாமல் சொன்னார்.

"நீங்க இன்னைக்கே விலகினா, திங்கட்கிழமை சேர வேண்டிய நாலு பேரைத் திருப்பி அனுப்பணும். அதுல ஒரு அம்மாவுக்கு அளவு ஐம்பத்தொண்ணு. நீங்க விலகாதீங்கன்னு நான் சொல்லல. சொல்ல எனக்கு உரிமை கிடையாது."

மேஸ்திரி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். வேறு ஆள் கிடைக்கும்வரை இருந்துவிட்டு விலகுவதாகவும் சொன்னார்.

"உங்க மூச்சை எடுத்து ஊருக்கு விசிறி வீசுறீங்களா?" என்றாள் மனைவி. "அந்தம்மாவுக்கு ஐம்பத்தொண்ணுன்னா உங்களுக்கு என்ன, ஐநூறா?"

"நாலு பேரு பையைத் தூக்கிட்டுக் கிளம்பியிருப்பாங்கம்மா. வாசல்ல நின்னு திரும்பிப் போன்னு சொல்ல முடியுமா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரங்கள் பேசின. பிறகு அவளே வெளியில் வந்தாள்.

"என் தம்பி சும்மாதானே இருக்கான். அவனைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில போடுங்க. உட்கார்றதுல அவனை அடிச்சுக்க ஆளில்ல."

அதற்கே இரண்டு கூட்டம் ஆயிற்று. நேர்காணலில் இயக்குநர் கேட்டார், "உங்களுக்கு என்ன நோய்?"

"ஒண்ணுமில்லைங்க" என்றான் மைத்துனன், பயந்துகொண்டே.

"பயப்படாதீங்க. நோயாளர் பிரதிநிதிக்கு நோய் இருக்கணும்னு எந்த விதியிலயும் இல்ல. நோய் இருந்தா கூட்டத்துக்கு நேரத்துக்கு வர முடியறதில்லைன்னு அனுபவத்துல பார்த்துட்டோம்."

மைத்துனன் நாலு மாடியையும் இரண்டு நிமிஷத்தில் ஏறினான். அதைக் குழு பாராட்டுதலுடன் குறித்துக்கொண்டது.

மேஸ்திரி ஆறத் தொடங்கினார். ஆறுவது என்றால் மற்றவர்களுக்குச் சும்மா இருப்பது. அவருக்கு இறங்குவது. இரண்டாவது மாதத்தில் ஐம்பத்து மூன்று. நாலாவது மாதத்தில் செருப்பு வாரை மனைவி மாட்டிவிட வேண்டியதாயிற்று. அவள் குனியும்போது அவர் வேறு பக்கம் பார்ப்பார். ஐந்தாவது மாதத்தில் ஐம்பத்தொன்று. தெருமுனைக் கடைக்குப் போவதை விட்டார். பிறகு குளித்துவிட்டு வந்து உட்காருவதே ஒரு பயணமாகிவிட்டது. ஒருநாள் மனைவி கேட்டாள், என்ன யோசிக்கிறீர்கள் என்று. யோசிக்கவில்லை, அடுத்த மூச்சுக்குக் காத்திருக்கிறேன் என்றார். அவளுக்கு அதைக் கேட்டபின் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

மைத்துனன் மட்டும் தழைத்தான். சட்டைப் பையில் அடையாள அட்டை தொங்கியது. பேச்சில் "கொள்கை அளவில்" என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டது. ஆறு மாதம் முடிகிற நேரத்தில், முன்னாள் உறுப்பினர் சேர ஆட்சேபணை இல்லை என்று குழு ஒரு காகிதம் தர வேண்டும் என்பது தெரியவந்தது. அவன் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவள் அதைக் கேட்டாள்.

"அதுல எனக்குக் கொஞ்சம் தர்மசங்கடம்க்கா. மாமா எனக்கு உறவு. சொந்த நலன் வருது. அந்த அயிட்டம் வர்றப்ப நான் எழுந்து வெளியில போயிடுவேன். கொள்கை அளவில் அதுதான் சரி."

அவள் அவன் முன்னாலிருந்த தட்டை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"சாப்பாட்டுலயும் உனக்குச் சொந்த நலன் இருக்குடா தம்பி. எழுந்து வெளியில போ."

அவன் கெஞ்சினான். தட்டு திரும்பி வரவில்லை. இருந்தாலும் கூட்டத்தில் அவன் சொன்னபடியே எழுந்து வெளியில் போனான். அவன் போனதும் குழுவில் பிரதிநிதி இல்லை, ஆகவே குழு இல்லை. இல்லாத குழு ஆட்சேபிக்க முடியாது. முப்பது நாளில் ஆட்சேபணை வராவிட்டால் ஆட்சேபணை இல்லை எனக் கொள்ளப்படும் என்று எங்கோ ஒரு மூலையில் ஒரு விதி தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தேடி எழுப்பியவர் இரண்டாம் மாடி அம்மா. இப்படியாக, முப்பது வருஷத்தில் அந்தக் குழு செய்த ஒரே நல்ல காரியம் அது இல்லாதபோது நடந்தது.

அறுபது இடத்தில் இரண்டு இடம் மீதி இருந்தது.

தரைத்தளத்து அறையில் மேஸ்திரியை உட்காரவைத்து, செவிலி ஊதுகுழாயை அவர் வாயில் பொருத்தினாள். பக்கத்தில் மனைவி. சுவரோரமாக அந்த அம்மா, கையைக் கட்டிக்கொண்டு.

ஊதினார். திரையில் நாற்பத்தொன்பது.

மேஸ்திரி தரையைப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு, ஒட்டுத் தெரியாமல் தேய்த்திருந்தார்கள். மனைவி அந்த அம்மாவைப் பார்த்தாள். ஒரு எண்தானே, ஒரே ஒரு எண் என்று அவள் முகம் கேட்டது. அந்த அம்மாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

"மூணு தடவை ஊதலாம். அதுல எது அதிகமோ அதுதான் கணக்கு. இது எல்லாருக்கும் உள்ள முறை" என்றார்.

இரண்டாவது தடவை நாற்பத்தெட்டு. ஊதி முடித்ததும் இருமல் வந்தது. பத்து நிமிஷம் இளைப்பாறச் சொன்னார்கள். மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தச் செயலரை நினைச்சுக்கிட்டு ஊதுங்க" என்றாள் காதோரம்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து, நெஞ்சில் எந்த மூலையில் எவ்வளவு இருந்ததோ அதையெல்லாம் வழித்தெடுத்து ஊதினார். கண்ணில் பூச்சி பறந்தது. குழாயை விட்டபின்னும் கொஞ்ச நேரம் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"ஐம்பது" என்றாள் செவிலி.

அந்த அம்மா திரையருகே வந்து, குனிந்து, இரண்டு தடவை பார்த்தார். பிறகு அவரே அதைத் தாளில் எழுதினார். முத்திரை குத்தி மூடிய ஒரு புட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். அதன்மேல் பெயர் இல்லை, ஒரு எண் மட்டும் இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும். தாள்ல எழுதியிருக்கு, ஆனா வாயாலயும் சொல்லிடறேன். இதுல மருந்து இருக்கலாம். இல்ல, வெறும் மாவாவும் இருக்கலாம். பாதிப் பேருக்கு மாவுதான். உங்க பழைய மாத்திரையை நிறுத்த வேண்டாம்."

மனைவி எழுந்தேவிட்டாள். "இத்தனை பாடு பட்டு வந்தது மாவு திங்கவா? எது மருந்துன்னு பார்த்து எடுத்துக் குடுங்கம்மா!"

"எனக்குத் தெரியாதும்மா. தெரியவும் கூடாது. தெரிஞ்சா, மருந்து சாப்பிட்டவங்களை என் கண்ணு நல்லா இருக்கிற மாதிரியே பார்க்கும். ஏழு வருஷம் ஆசைப்பட்டிருக்கேன் இல்லையா?"

மேஸ்திரி புட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"விடு. தன் தரையைத் தானே ரசமட்டம் வச்சுப் பார்த்தா குமிழி எப்பவும் நடுவுலதான் நிக்கும். நானே அடுத்த மேஸ்திரியைக் கூப்பிட்டுத்தான் பார்க்கச் சொல்லுவேன். இங்க வந்து இத்தனை நாள்ல எனக்குப் புரிஞ்ச விதி இது ஒண்ணுதான்."

கையெழுத்துப் போட்டார். தண்ணீர் கேட்டு வாங்கி, ஒரு மாத்திரையை நாக்கில் வைத்து விழுங்கினார். மனைவி அது தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"கசந்துச்சு."

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. மாவு கசக்காதே! பட்டாம்பூச்சியைப் பிடித்துவிட்ட குழந்தை மாதிரி அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த அம்மா தாளை மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"ரெண்டையும் கசப்பாத்தாம்மா செஞ்சிருக்கோம்."